வெளியே போட்ட தாழ்ப்பாள்

தீ விபத்துகளைத் துப்பறியும் பிரிவில் அவளுக்கு 'மூக்கு' என்று பட்டப்பெயர். எரிந்த இடத்தில் கால் வைத்ததும் மண்ணெண்ணெயா பெட்ரோலா என்று சொல்லிவிடுவாள். வருடக்கணக்கில் சாம்பலைக் கிளறியதில் இருமல் கூடவே குடியேறிவிட்டது. தங்கை வீட்டு மாடியில் தனியாக இருந்தாள். வேலை முடிந்து வந்தால் தலை துவட்டக்கூடத் தெம்பிருக்காது.

மெத்தைக் கிடங்கு ஒன்று எரிந்து காவலாளி செத்துப்போனார். படுத்துக்கொண்டே புகை பிடித்திருப்பார் என்றார் கிடங்கு மேலாளர். அந்த வழக்கில் உதவிக்கென்று தலைமை அலுவலகம் அனுப்பிய ஆள், அவளுடைய முன்னாள் கணவர். இதே பிரிவில் சேர்ந்து வேலை பார்த்து, காதலித்துக் கட்டிக்கொண்டு, கடைசியில் வீட்டிலும் ஒருவரையொருவர் குறுக்கு விசாரணை செய்தே பிரிந்தவர்கள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன் சார். பூட்ஸ் போட்டுக்கங்க, உள்ள ஆணியா கிடக்கு."

மதியம் வரை குனிந்தே தேடினார்கள். காவலாளி அறையின் இரும்புக் கதவு சாம்பலுக்குள் கிடந்தது. வெளிப்பக்கத் தாழ்ப்பாளை அவள் மெல்ல நகர்த்தினாள்.

"இங்க பாரு. தாழ்ப்பாளுக்கு அடியில மட்டும் பெயிண்ட் கருகல. எரியும்போது இது மூடியிருந்திருக்கு."

"அப்ப யாரோ வெளியிலிருந்து போட்டிருக்காங்க."

அவள் படமெடுத்துக்கொண்டிருந்தபோதே வாசல் ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பெட்ரோல் வாடை. முதல் தீயில் தப்பி ஷட்டரை ஒட்டிக் கிடந்த பஞ்சு மூட்டைகள் குப்பென்று பற்றின.

பின்சுவரில் உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். அவர் குனிந்து தோளைக் கொடுத்தார்.

"நீ?"

"ஏறுடி முதல்ல. சண்டைய வெளிய போய் வச்சுக்கலாம்."

குதித்ததில் அவளுக்குக் கணுக்கால் பிசகியது. நொண்டிக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். சாப்பிடப் போயிருந்த அவர்கள் வண்டி ஓட்டுநர் புகையைக் கண்டு திரும்பி வந்து, தப்பி ஓடிய மேலாளரை மடக்கிப் பிடித்திருந்தார். அவள் வண்டியிலிருந்த கடப்பாரையால் பூட்டை உடைத்தாள். உள்ளிருந்து சத்தமே இல்லை. ஷட்டர் தூக்கப்பட்டபோது அவர் தவழ்ந்து வந்து அவள் காலடியில் விழுந்தார். எரியும் மூட்டைகளை ஒதுக்கியதில் இரண்டு கையும் வெந்திருந்தன.

மெத்தைகளை ரகசியமாகக் கடத்தி விற்றதைக் காவலாளி பார்த்துவிட்டார், அதனால்தான் பூட்டிக் கொளுத்தினேன் என்று மேலாளர் ஒப்புக்கொண்டார். காவலாளியின் மனைவியிடம் அவளே போய்ச் சொன்னாள். அந்தம்மா, "அவரு மேல தப்பில்லன்னு பேப்பர்ல போடுவாங்களா?" என்று கேட்டாள்.

"போட வைக்கிறேன்மா."

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"வீட்டுக்கு வரட்டுமா?"

"இன்னொரு தடவை பிரியறதுக்கு எனக்குத் தெம்பில்ல."

"வந்துட்டுப் போறேன்னுதான் சொன்னேன். குடியிருக்கவா கேட்டேன்?"

சிரிக்கப் போய் இருமல்தான் வந்தது அவளுக்கு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். சாப்பிடுகிறார்கள். பெரிதாகப் பேச்சில்லை. அவர் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். அவள் மேசை விசிறியைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பிவிட்டு, தானும் தரையில் சாய்ந்துகொள்வாள்.