ஜெயம்மாள் வீட்டில் இல்லை

நைனார்பாளையத்து அய்யனாரின் மனைவி ஜெயம்மாளுக்குப் பிறந்த ஊர் சின்னசேலம் பக்கம். அவள் அப்பாவும் அய்யனாரின் அம்மாவும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். அந்த வகையில் அத்தை வீட்டுக்கே வாழ வந்தவள். அப்படி வந்தும் யாரையும் லேசில் நம்பமாட்டாள். தலை எண்ண வரும் அதிகாரியிடம் ஒரு தலையைக் குறைத்துச் சொல்வாள். கொசு மருந்து அடிக்க வந்தவன் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனால், அவன் தெருமுனை திரும்புவதற்குள் சாணியால் மெழுகிவிடுவாள். இன்றைக்கு எழுதிக்கொண்டு போகிறவன் என்றைக்காவது தேடிக்கொண்டு வருவான் என்பது அவள் எண்ணம்.

அவளுடைய அக்கா கண்ணகி சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷனுடைய தாத்தா காலத்தில் கப்பலேறிய குடும்பம். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஜெயம்மாளின் பத்து வயது மகள் செந்தமிழ்ச்செல்வியை அங்கே பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்கிறேன், ஜனவரியில் வகுப்பு ஆரம்பம் என்று அக்கா கடிதம் போட்டாள். பள்ளியிலும் பேசி முடித்துவிட்டாள். ஜெயம்மாள் அந்தக் கடிதத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்போதும் மனசு ஒப்பவில்லை. படிக்கக் கூப்பிடுகிறாளா, பாத்திரம் தேய்க்கக் கூப்பிடுகிறாளா? பிள்ளை இல்லாதவள் பிள்ளையைத் திருப்பித் தருவாளா?

"எம்பொண்ணு போனா நானும் கூடப் போவேன். இல்லன்னா இங்கியே படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

அதனால்தான் இரண்டு விசா தேவைப்பட்டது. மகளுக்குப் படிக்க ஒன்று, அவள்கூட இருக்க அம்மாவுக்கு ஒன்று. அதற்கு முன்னால் பாஸ்போர்ட். கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே டைப் அடிக்கும் அறிவுச்செல்வன், அம்மாவின் பாஸ்போர்ட்டிலேயே மகளின் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று மனு அடித்துக் கொடுத்தார். ஆவணியில் மனு போனது.

புரட்டாசி பிறந்ததும் மறியல் வந்தது. படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. அய்யனாரும் ஒரு புளியமரத்துக்கு ரம்பம் பிடித்தவர். மரம் வெட்டிய ஆட்களைப் போலீஸ் பிடித்து லாரியில் ஏற்றுகிறது என்று பேச்சு வந்ததும், வெள்ளிமலைக்கு ஏறிப்போய் மாதன் வீட்டில் தங்கிவிட்டார். மாதன் மலைக்காரர், சாமையும் கடுக்காயும் கொண்டு இறங்கும்போதெல்லாம் அய்யனார் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் மத்தியானம், சாதாரணச் சட்டை போட்ட ஓர் ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார். முடி வெட்டியிருந்த விதத்தைப் பார்த்தே போலீஸ்காரர் என்று ஜெயம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

"அய்யனார் வூடு இதானே? ஜெயம்மாள்னு யாரு?"

புருஷன் அகப்படாவிட்டால் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று தெருவே பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

"அவ இங்க இல்லீங்களே. புருசன்கூட சண்ட போட்டுக்கினு பூட்டா. நான் அவ நாத்தனா."

"பொண்ணு ஒண்ணு இருக்குமே?"

"அதையும் இஸ்துக்கினுதான் பூட்டா."

அவர் எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார். சின்னப்பொண்ணு ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"ஆமாங்க சார், போயி ரெண்டு மாசம் ஆவுது. போறப்ப என் மொறத்த வேற தூக்கிக்கினு பூட்டா. எங்கனா பாத்தீங்கன்னா வாங்கியாங்க!"

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். சைக்கிள் மறைந்ததும் இரண்டு பெண்களும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஐப்பசிக் கடைசியில் பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அறிவுச்செல்வன் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். மனுதாரர் கொடுத்த விலாசத்தில் குடியிருக்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்ததாம்.

"போலீஸ் வூட்டுக்கு வந்து விசாரிப்பாங்கன்னு அப்பவே சொன்னேனே அக்கா. யாரு நீங்க இல்லன்னு சொன்னது?"

ஜெயம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "நாந்தான்."

"நல்லா சொன்னீங்க போங்க! ஜனவரிக்கு ரெண்டு மாசம்கூட இல்ல. ஸ்டேஷனுக்குப் போயி நாந்தான் ஜெயம்மாள்னு நீங்களே சொல்லுங்க. வேற வழி இல்ல."

அறிவுச்செல்வனும் போலீசோடு சேர்ந்த ஆளாக இருந்தால்? மூன்று நாள் வீட்டிலேயே உட்கார்ந்து யோசித்தாள். நாலாம் நாள் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே இருந்தவர் அதே போலீஸ்காரர்.

"அன்னிக்கு நாத்தனா, இன்னிக்கு ஜெயம்மாளா? நாளைக்கு யாரு, மொறம் பறிகுடுத்தவளா?"

"எங்கம்மாதாங்க சார்" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

அவர் கார்டைப் புரட்டிப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். "சரி, புருசன் எங்க?"

திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்ற பொய்யை வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அது வாய்வரை வந்தது. இன்னொரு பொய் அகப்பட்டால் மகளின் படிப்பு போனது. உண்மையைச் சொன்னால் அய்யனார் போனார்.

"வெள்ளிமலையில, மாதன் வூட்ல" என்றாள்.

அவர் எழுதினார். "நீ போம்மா. சரியா எழுதி அனுப்பிடறேன்."

"அவர ஒண்ணும்..."

"நான் அன்னிக்கு வந்தது பாஸ்போர்ட்டுக்கு. போ."

இத்தனை சுலபமாக அனுப்பியதே அவளுக்குப் பயமாக இருந்தது. மகளைச் சின்னப்பொண்ணிடம் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் மலை ஏறினாள்.

அய்யனார் முழுவதையும் கேட்டார். "அவனே கண்டுபுடிச்சானா, நீயா சொன்னியா?"

"நாந்தான் சொன்னேன். வேற எங்கனா போயிடுங்க."

அவர் துணியைச் சுருட்டிக் கட்டினார். வாசலில் நின்று, அவள் காதில் விழும்படியே மாதனிடம் சொன்னார்: "எங்க போறேன்னு இவகிட்ட சொல்லாதே."

போலீஸ் மலை ஏறவே இல்லை. கார்த்திகையில் பாஸ்போர்ட் வந்தது. விசாவுக்கு இன்னும் ஒரு தாள் வேண்டியிருந்தது; மகளை அழைத்துப்போக அப்பாவுக்குச் சம்மதம் என்று அவர் கையெழுத்துப் போட்ட தாள். ஜெயம்மாள் அதை மாதனிடம் கொண்டுபோனாள்.

"குடுத்துட்டுப் போ தங்கச்சி. மச்சான் இருக்கிற எடத்த மட்டும் கேக்காத."

எட்டாம் நாள் மாதன் தாளோடு இறங்கி வந்தார். அறிவுச்செல்வன் வாங்கிப் பார்த்தார். கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. இடம் என்று போட்டிருந்த கோடு மட்டும் வெறுமனே கிடந்தது.

"இப்பிடியே அனுப்புனா திருப்பிடுவாங்க அக்கா. எந்த ஊருன்னு போடட்டும்?"

ஜெயம்மாள் மாதனைப் பார்த்தாள். மாதன் தெருவைப் பார்த்தார்.

"நைனார்பாளையம்னு போடுங்க" என்றாள்.

அந்தத் தாளுக்கு இரண்டு விசாவும் வந்தன. பள்ளி திறந்த மூன்றாம் நாள் செந்தமிழ்ச்செல்வி வகுப்பில் போய் உட்கார்ந்தாள். கள்ளக்குறிச்சியில் அவர்களைப் பஸ் ஏற்றிவிட மாதன் மட்டும்தான் வந்திருந்தார்.