ஸ்டெல்லா டீச்சரின் மூன்று பெட்டிகள்

கொட்டகலை கடைவீதியில் நான் வேலை செய்யும் கடையில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது மனைவி போனில் அழைத்தாள். "திவ்யாவோட டீச்சர் போயிட்டாங்க" என்றாள். வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார் என்றுதான் முதலில் எண்ணினேன். நெஞ்சு வலிக்கிறது என்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

நம் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியை ஒற்றை ஆளாக நடத்திய ஸ்டெல்லா டீச்சரை இங்கே கூடியிருக்கும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவரைப் பற்றிப் பெருமையாகப் பேச உங்களிடம் நிறைய இருக்கும். எனக்கோ அவரை நினைத்தால் முதலில் வெட்கம்தான் வருகிறது.

சென்ற வருட மழையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நிலம் வெடித்தது. இனி இங்கே இருக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மனைவியின் அண்ணன் வீட்டில், அவருடைய ஒற்றை அறைக் காம்பிராவைப் பழைய சேலையால் இரண்டாக மறித்துக் குடியிருக்கிறோம். மச்சான் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் சாப்பிட உட்காரும்போது என் தலை தானாகக் குனியும். எந்த லயத்தில் இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் பழைய லயத்தைத்தான் சொல்வேன்.

அந்த நாட்களில் டீச்சர் கடைக்கு வந்தார். "அண்ணே, காலி பிஸ்கட் பெட்டி மூணு தாங்க. புள்ளைங்க சாமானெல்லாம் போட்டது போட்டபடி ஓடிருதுங்க. சத்தம் போட்டும் பாத்துட்டேன். இனி வெளையாட்டாத்தான் செய்ய வைக்கணும்" என்றார். பெட்டிகளைக் கயிற்றால் கட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் மகள் திவ்யாவை அழைத்துவரப் போனபோது அந்த விளையாட்டைப் பார்த்தேன். பெட்டிகளில் கதவும் ஜன்னலும் வரைந்திருந்தார். "வேல முடிஞ்சிருச்சு! எல்லாரும் லயத்துக்குப் போங்க!" என்று கைதட்டினார். கால் உள்ளவை ஒரு வீடு, சக்கரம் உள்ளவை ஒரு வீடு, மூலை உள்ள கட்டைகள் ஒரு வீடு. "ஆனைக்கு எத்தன காலு?" "நாலு!" "அப்ப எந்த வீடு?" பிள்ளைகள் எண்ணினார்கள், சண்டை பிடித்தார்கள், பஸ்ஸைத் தரையில் உருட்டி வீட்டில் சேர்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் தரை வெறுமையாகிவிட்டது. "எடுத்து வைன்னா ஓடுதுங்க அண்ணே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னா ஒண்ணையும் விட மாட்டேங்குதுங்க" என்று சிரித்தார்.

ஒருநாள் மச்சானின் மனைவி பாயை உதறியபோது திவ்யாவின் போர்வைக்குள்ளிருந்து ஒரு பொம்மை விழுந்தது. இரண்டு காலும் உடைந்துபோன பழைய பிளாஸ்டிக் பொம்மை. "இது ஸ்கூல் பொம்மைல்ல?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் காது சுட்டது. அடுத்தவர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, திருட்டுப் பொருளையும் உள்ளே கொண்டுவந்துவிட்டோமே என்று கூசிப்போனேன்.

மறுநாள் காலை மகளையும் பொம்மையையும் கொண்டுபோய் டீச்சர் முன்னால் நிறுத்தினேன். பிள்ளைகளை விட வந்த தாய்மார் வாசலில் நின்றார்கள். "தெரியாம எடுத்துட்டு வந்துட்டா, மன்னிச்சிருங்க டீச்சர்" என்றேன். "இப்பவே கைய அடக்கி வைங்க" என்றார் ஒரு தாய்.

டீச்சர் மகள் முன்னால் குந்தினார். "ஏம்மா இதக் கூட்டிட்டுப் போன?"

"இதுக்குக் காலு இல்ல. சக்கரமும் இல்ல. வீடே இல்ல டீச்சர். அதான் எங்க மாமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். நாங்களும் அங்கதானே இருக்கோம்."

இத்தனை மாதம் நான் ஊராரிடம் மறைத்ததை என் மகள் எல்லார் முன்னும் சொல்லிவிட்டாள். அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம்போல இருந்தது.

டீச்சரின் முகம்தான் என் முகத்தைவிட அதிகமாகக் கன்றியிருந்தது. "உன் மேல பிழை இல்லம்மா, என் மேலதான்" என்றார். பிறகு எழுந்து தாய்மார் பக்கம் திரும்பி, "வீடு செஞ்ச நான் இத வெளிய விட்டுட்டேன். யோசிக்கவே இல்ல. எனக்கு வெக்கமா இருக்கு" என்றார். பிள்ளைகளிடம், "இப்ப இத எங்க வைக்கலாம்?" என்று கேட்டார்.

"சக்கர வீட்டுல வைங்க டீச்சர். பஸ்ஸு கொஞ்சம் தள்ளிப் படுக்கட்டும். எங்க வீட்டுலயும் சித்தப்பா ஆளுங்க இருக்காங்க" என்றான் ஒரு பையன். கையை அடக்கச் சொன்ன தாயின் மகன் அவன். "எங்க வீட்டுலயும் டீச்சர்!" என்று இன்னொரு பிள்ளை கத்தியது. அந்தத் தாய் தரையைப் பார்த்தார்.

அன்று முதல் விளையாட்டின் முடிவில் டீச்சர் ஒரு கேள்வி கேட்பாராம்: "யாராச்சும் வெளிய நிக்கிறாங்களா?" பிள்ளைகள் மேசைக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் தேடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்களாம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள விரும்புவது அவருடைய வெட்கப்படும் விதத்தைத்தான். எனக்கு வெட்கம் வந்தால் ஒளிந்துகொள்வேன். அவர் நாலு வயதுப் பிள்ளையிடம்கூட அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அடுத்து செய்ய வேண்டியதைச் செய்தார்.

அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது திவ்யா, "நம்ம வீட்டுக்கு எப்பப்பா போவோம்?" என்று கேட்டாள். மழை விட்டதும் போகலாம் என்பதே என் வழக்கமான பதில். அன்று அது வாயில் வரவில்லை.

"போக மாட்டோம்மா. வேற வீடு எப்பக் கெடைக்கும்னு அப்பாவுக்குத் தெரியல."

என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்ப மாமாகிட்ட கேக்கணும்பா."

"என்னன்னு?"

"நாங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கவான்னு."

வீட்டுக்குள் நுழைந்ததும் மச்சானிடம் அதை நானே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டேன்.