தவமணி போட்ட உப்பு

அடுப்பில் இருப்பதை ருசி பார்த்தால் எச்சில் என்று வளர்ந்தவள் தவமணி. தலைநகரில் மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இத்தனை வருடமும் கைக்கணக்கில்தான் உப்புப் போட்டாள்; ஒருநாளும் தப்பியதில்லை.

இன்று மகள் இலக்கியா விரும்பும் பஞ்சாபிப் பையனின் பெற்றோர் வந்திருந்தார்கள். தவமணி இன்னும் சரி சொல்லவில்லை. மகள் கேட்டாளே என்று சீஸை உருக்கி ஃபாண்டு என்ற கண்றாவியைக் கிண்டிக் கொடுத்தாள்.

சட்டியை மேசையில் வைத்துவிட்டு வந்த இலக்கியா, "உப்பு போடலைல்ல? சீஸ்லயே இருக்கும்மா" என்றாள்.

தவமணி மேசைப் பக்கம் விரைந்தாள். "போட்டுட்டேனேடி!"

அதற்குள் பையனின் அம்மா ரொட்டித் துண்டை முள்கரண்டியில் குத்திச் சட்டியில் முக்கித் தின்றுவிட்டார். "பஹுத் அச்சா!" என்று பாராட்டி, வாயில் வைத்த கரண்டியையே மறுபடி முக்கினார். மற்றவர்களும் அப்படியே. அந்த அம்மாள் தவமணியிடமும் துண்டை முக்கி ஒரு கரண்டியை நீட்டினார்.

அத்தனை பேர் எச்சில். மறுக்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தாள். உப்புக் கரித்தது, விழுங்கவே முடியவில்லை.

நிமிர்ந்தாள். அந்த அம்மாள் ஒரு தம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, சிரித்த முகமாக இன்னொரு துண்டை முக்கிக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்னு கேளுடி" என்றாள் தவமணி.