புளி போட்டு மினுக்கிய மூன்று குவளைகள்

சவரி அண்ணை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது, பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில், ரெயில் பாதைக்குப் பின்னால், பழைய பொருட்களைச் செப்பனிடும் சிறிய பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பிரான்சின் தெற்கே ஒரு பழைய பண்ணை வீட்டையும் அதன் எண்ணெய் ஆலையையும் ஒலிவ எண்ணெய் மியூசியமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த சிறு பொருட்கள் வைக்கோல் வைத்த பெட்டிகளில் எங்களிடம் வந்தன. உலர்ந்த பிரஷால் தூசி தட்டி, கடதாசியில் சுற்றி வைப்பது என் வேலை.

என் சோதனைக் காலம் முடிய ஒரு கிழமை இருந்தது. நிரந்தர வேலைக் கடிதம் கிடைத்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த மகளைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம். அவளுக்கு அப்போது பதினொரு வயது.

அன்று வெள்ளிக்கிழமை. எண்ணெய் அளக்கும் செப்புக் குவளைகள் பத்து, கன்னங்கரேலென்று இருந்தன. வெள்ளிக்கிழமைகளில் விளக்கையும் செம்பையும் புளி போட்டு மினுக்கித்தான் எங்களுக்குப் பழக்கம். கறுத்த பாத்திரத்தை விருந்தாளிக்கு முன் வைக்க மாட்டோம். மியூசியத்துக்கு எத்தனை விருந்தாளிகள் வருவார்கள்! சாப்பாட்டு நேரத்தில் முன் கடையில் புளி வாங்கி வந்து மூன்றை மினுக்கிவிட்டேன்.

சவரி அண்ணை பாண்டிச்சேரிக்காரர், பட்டறை முதலாளியான மதாமுக்கு அடுத்தபடி எங்களை மேய்க்கும் ஷெஃப். தலையில் கை வைத்தார்.

"என்னக்கா பண்ணிட்டீங்க? அது அழுக்கு இல்ல. தலமுற தலமுறயா எண்ணெய் அளந்த கை பட்ட கறை."

"கறுத்துக் கிடந்துது, அண்ணை."

"அந்தக் கறுப்பத்தான் ஜனங்க பாக்க வரப் போறாங்க! நல்ல வேளை, செக்குக் கல்ல இங்க அனுப்பல. அதுக்கும் வெள்ளையடிச்சிருப்பீங்க."

திங்கட்கிழமை பண்ணைக்காரர் வருவதாக இருந்தது.

"மதாம் இன்னும் பாக்கல," என்று சவரி அண்ணை குரலைத் தாழ்த்தினார். "வரும்போதே இப்படித்தான் இருந்துதுன்னு சொல்லிடலாம்."

"அப்ப அங்கை பெட்டி கட்டின ஆக்களுக்கெல்லோ பழி போகும்?"

"போகட்டுமே. உங்க பொண்ணு வர வேணாமா?"

பிரெஞ்சில் நாலு பேருக்கு முன் எனக்கு வாய் வராது. சனியும் ஞாயிறும் ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை பண்ணைக்காரர் குவளையைக் கையில் எடுத்து, "இது யார் வேலை?" என்று கேட்டார். சவரி அண்ணை நிலத்தைப் பார்த்தார்.

"நான்தான், மிஸ்யூ," என்றேன். "புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். மூன்றுதான். மற்ற ஏழையும் தொடவில்லை."

அவர் குவளையை முகர்ந்து பார்த்தார். திட்டவில்லை. மெதுவாக ஏதோ சொன்னார்.

"அவரோட தாத்தா புடிச்ச கைப்பிடியாம், அக்கா," என்றார் சவரி அண்ணை. "அந்தக் கறை இனிமே திரும்ப வராதாம்."

மதாம் மூன்று அட்டைகளை என் முன் வைத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை உண்டு. அதற்கு நடந்தது எல்லாம் அதில் ஏற வேண்டும். நான் செய்ததைத் தமிழில் எழுதிப் பெயர் போட்டேன். சவரி அண்ணை கீழே பிரெஞ்சில் எழுதினார்.

நான் எழும்பவில்லை. "அண்ணை, மற்ற ஏழையும் நானே செய்யிறன் எண்டு சொல்லுங்கோ. வெறும் பிரஷ்தான். மதாம் பக்கத்திலை நிண்டு பார்க்கட்டும்."

மதாம் நின்றார். மூன்றாவது குவளை முடிந்ததும், மிச்சத்தை என்னிடம் விட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

கடிதம் அந்தக் கிழமை கிடைக்கவில்லை. சோதனைக் காலத்தை நீட்டி, அதற்குப் பிறகுதான் தந்தார்கள். மகள் வந்து சேர அடுத்த பனிக்காலம் ஆகிவிட்டது. அந்த மாதங்கள் எனக்கு நீளம்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: தேய்க்க முதல் கேளுங்கள். தேய்த்துவிட்டால், மற்றவர் மேல் பழி விழ முதல் சொல்லுங்கள். அந்த மூன்று குவளைகளையும் மியூசியத்தில் காட்சிக்கு வைக்கவில்லை என்று அறிந்தேன். ஆனால் அட்டைகள் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் யாரும் பெட்டி கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது.