டிவி காட்டும் ரமாபாய்

"கொஞ்சம் பொறு நைனா, சுத்திகினு கீது பாரு, அது நின்னா படம் வந்துரும்" என்றபடி ரமாபாய் செல்போனை லாரி டிரைவரின் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றுகிறது. அது நிற்பதற்குள் அவருக்கு எந்த ஊர், வண்டியில் என்ன லோடு, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். படம் வந்ததும் அவள் படத்தைப் பார்ப்பதில்லை. பார்ப்பவரின் புருவத்தைத்தான் பார்ப்பாள். அது ஏறிய நொடியில் விண்ணப்பப் படிவம் நீளும்.

எம்.கே.பி. நகரிலிருந்து காலை எட்டு மணிக்கெல்லாம் எர்ணாவூர் வந்துவிடுவாள். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் அங்கே நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். செல்போனில் டிவி விற்க அதைவிட நல்ல இடம் ஏது? ஒரு கம்பெனி நீலக் குடை விரித்து, நீல டி-ஷர்ட் கொடுத்து ரமாபாயை நிறுத்தியது. மறு வாரமே சாலைக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கம்பெனியின் ஆரஞ்சுக் குடை முளைத்தது. அதன் கீழே ஹுமாயூன். அவளுடையது இன்டர்நெட்டில் வரும் டிவி. அவனுடையது ஏரியலை இழுத்துவிட்டால் காற்றிலேயே பிடிக்கும் டிவி. அரசு சேனல் மட்டும்தான் தெரியும், ஆனால் மாதக் கட்டணம் கிடையாது.

கிரிக்கெட் நாளில்தான் கூத்து. டீக்கடை டிவி முன்னால் "அவுட்!" என்று கத்துவார்கள். ரமாபாயின் செல்போனிலோ பந்து வீசுபவர் அப்போதுதான் ஓடி வருவார். ஹுமாயூன் விழுந்து விழுந்து சிரிப்பான். அவள் அசரமாட்டாள். "அங்க அவுட்டானவன் இங்க இன்னும் ஆடிகினு கீறான். இந்த வசதி எவன் குடுப்பான், சொல்லு?" அந்த வாய்க்காகவே நாலு பேர் கையெழுத்துப் போடுவார்கள்.

போன வியாழக்கிழமை அருள்பிரகாசம் வந்தார். தூத்துக்குடிக்காரர், மூன்றாம் நாளாக வரிசையில் நிற்பவர். "தங்கச்சி, பத்தரைக்கு எம் மவ டிவியில ஆடுதா. பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போயிருக்காவ. வண்டிய விட்டுட்டு எங்கயும் போவ முடியல. இதுல தெரியுமா?" படிவத்தைக்கூட அவரே எடுத்துக்கொண்டார்.

எந்த சேனல் என்று கேட்டாள். அரசு சேனல். நீலக் கம்பெனியின் பட்டியலில் அது இல்லை. அந்த வாரக் கணக்குக்கு இன்னும் ஒரே ஒரு கனெக்ஷன் பாக்கி. அதையும் பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் நீலமேகம் சொல்லியிருந்தார். கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அப்புறம் கையை விரித்திருக்கலாம்தான். மணி பத்து இருபத்தைந்து.

படிவத்தை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். "இதுல வராது அண்ணாத்த. வா எங்கூட." சாலையைக் கடந்து ஆரஞ்சுக் குடைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

ஹுமாயூன் வாயைப் பிளந்தான். "இன்னாபா பாக்குற? போடு சீக்கிரம்!" படம் வந்தது, ஒரே புள்ளிமயமாக. ஏரியலின் நுனியை ரமாபாய் இரண்டு விரலால் பிடித்ததும் தெளிந்தது. விட்டாள், போயிற்று. மறுபடி பிடித்துக்கொண்டாள். வரிசையாக எட்டுப் பிள்ளைகள். "அந்தா! ரெண்டாவதா நிக்கா பாரு, எம் புள்ள!" அருள்பிரகாசம் திரையில் விரலை வைத்துக் காட்டினார்.

அந்நேரம் பார்த்து நீலமேகத்தின் பைக் வந்து நின்றது. நீல டி-ஷர்ட் ஆரஞ்சுக் குடையின் கீழே நிற்பதைக் கண்டு, "ஏய், அங்க இன்னா பண்ணிகினு கீற?" என்று கத்தினார்.

ரமாபாய் திரும்பினாள். ஒரு கை ஏரியலை விடவில்லை. மறு கையின் விரலை உதட்டில் வைத்து, "உஷ்" என்றாள்.