கூரைக் கரண்ட், தெருக் கரண்ட்

அந்தப் பேட்டையில் அவளைப் பெயர் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. சோலார்க்காரி என்று கேளுங்கள், கையைப் பிடித்து வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஏழு வருஷத்தில் அவள் ஏறாத மொட்டைமாடி அங்கே இல்லை.

இந்த வேலைக்கு அவள் வந்ததே பயத்தினால்தான். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். கட்டிக்கொண்டவன் லைன்மேன். காலையில் அவன் கிளம்பிப் போனால் சாயங்காலம் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கிறவரை இவளுக்குச் சோறு இறங்காது. மழைக்காலத்தைக் கேட்கவே வேண்டாம். போன் அடித்தால் அவனாக இருக்க வேண்டுமே என்று ஓடுவாள். “நீ பயந்து பயந்தே எனக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடுவ போலிருக்கே” என்று அவன் கிண்டல் செய்வான். இவளுக்கு அழுகைதான் வரும்.

பெண்களுக்கு சோலார் வேலை சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். முதல் நாளே யாரோ, “இது கம்பமே இல்லாத கரண்ட்” என்றார்கள். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டாள். ஊரில் ஒவ்வொருவரும் அவரவர் கூரையிலேயே கரண்ட் எடுத்துக்கொண்டால் கம்பம் எதற்கு? கம்பத்தில் ஏற இவன்தான் எதற்கு? அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

அதை அசட்டுக் கணக்கு என்றும் தள்ளிவிட முடியாது. வருஷத்தில் பத்து மாசம் மண்டையைப் பிளக்கிற வெயில். தெருக் கரண்ட்டோ நினைத்தால் வரும், நினைத்தால் போகும். தலைக்கு மேலே கொட்டிக் கிடப்பதை விட்டுவிட்டு, எங்கோ மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதற்காகக் காத்துக் கிடப்பானேன்? ஆஸ்பத்திரியில் மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜ், பள்ளிக்கூடத்து மின்விசிறி, பிறகு தையல்கடைக்காரரின் பன்னிரண்டு மெஷின் என்று ஒவ்வொன்றாகக் கூரைக்கு மாற்றினாள். உதறி முடிக்குமுன் துணி காய்கிற அந்த வெயிலைத் திட்டாத ஒரே ஆள் அந்த ஊரில் அவள்தான்.

தையல்கடைக்குத் தெருக் கரண்ட்டும் உண்டு, கூரைக் கரண்ட்டும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் கைப்பிடி வைத்த ஒரு சுவிட்ச் இருக்கும். சேஞ்ச்ஓவர் என்பார்கள். மேலே தள்ளினால் தெரு, கீழே தள்ளினால் கூரை. இரண்டும் ஒன்றாகச் சேரவே சேராது. சேரக் கூடாது என்பதற்காகத்தான் அதை வைப்பதே.

அது ஒரு திங்கள்கிழமை கருகிப் போனது. புதுசு வர இரண்டு நாள் ஆகும். தையல்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முந்நூறு சீருடை, வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். “ஏதாவது பண்ணும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றார். இவளுக்கு இளகின மனசு, அதோடு கொஞ்சம் கைத்திமிரும் உண்டு. தெரு மெயினை அணைத்தாள். கருகின சேஞ்ச்ஓவரைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூரை ஒயரையும் தெரு ஒயரையும் நேராகக் கடை போர்டில் ஒன்றாக முறுக்கிச் சேர்த்தாள். மெயின் அணைந்திருக்கிறவரை கூரைக் கரண்ட் தெருப் பக்கம் போகாது. மெயின்மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, ‘தொடாதே’ என்று எழுதி வைத்தாள்.

“ரெண்டே நாள்ணே. அதுவரைக்கும் மெயின்ல கை வைக்கக் கூடாது.”

“நான் எதுக்கும்மா வைக்கப் போறேன்?”

புதன்கிழமை புது சுவிட்ச் வந்தது. ஆஸ்பத்திரியில் அவசர வேலை என்று கூப்பிட்டார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சுவிட்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

வியாழன் பதினொரு மணி. ஆஸ்பத்திரி மாடியில் பேனல் கழுவிக்கொண்டிருந்தாள். புருஷன் போன் பண்ணினான்.

“மத்தியானம் எனக்காகக் காத்திருக்காத, நீ சாப்பிட்டுடு. தையல்கடை முக்குல கம்பி தொங்குது. அந்தத் தெருவுக்கு மட்டும் லைனை ஆஃப் பண்ணியாச்சு. ஏறப் போறேன், வச்சிடறேன்.”

“ம், சரிங்க” என்றாள். போனை இடுப்பில் செருகிவிட்டுக் குழாயை மறுபடி திறந்தாள். தண்ணீர் இரண்டு பேனலில் ஓடியிருக்கும். அப்போதுதான் உறைத்தது.

குழாய் கையை விட்டு விழுந்தது. அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனைப் பையில் போட்டுக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறுவான், அது அவளுக்கே தெரியும். மெயின் அணைந்துதானே இருக்கிறது, காகிதம் ஒட்டியிருக்கிறேனே, ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று வாய் முணுமுணுத்தது. விரல் தையல்கடைக்காரரின் நம்பரைத் தேடினால் நம்பர் கண்ணிலேயே படவில்லை. நாலாவது தடவைதான் போன் போயிற்று.

“அண்ணே, மெயினைத் தொட்டீங்களா?”

“இல்லம்மா... சும்மா இப்பத்தான், தெருக் கரண்ட் வந்திருச்சான்னு பார்க்கலாம்னு மேல தள்ளினேன். வந்திருச்சு போலம்மா! எதிர்வீட்டு ஃபேன்லாம் சுத்துதே!”

எதிர்வீட்டு ஃபேன் எந்தக் கரண்ட்டில் சுத்துகிறது என்று உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் போட்ட கரண்ட். கூரையிலிருந்து இறங்கி, மெயின் வழியாகத் தெருவுக்குப் போய், செத்துப்போன கம்பி என்று அவன் நம்பியிருக்கிற கம்பியில் ஓடிக்கொண்டிருந்தது.

“கீழ தள்ளுங்கண்ணே! தள்ளுங்க! கம்பத்துல அவரு...”

போனில் ‘டமார்’ என்று ஒரு சத்தம். பன்னிரண்டு மெஷினும் ஒன்றாக நின்றன. “ஐயையோ, கம்பத்துல பாருங்க!” என்று யாரோ அலறினார்கள். போன் அறுந்தது.

மாடிப்படி எப்படி இறங்கினாள், வண்டியை எப்படி எடுத்தாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளால் சொல்ல முடியாது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பத்து வருஷமாக மழைக்கும் காற்றுக்கும் பயந்தாளே, மகராசி, தன் கைக்குப் பயந்தாளா? பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? அப்பாவை நான்தான் என்று சொல்வதா? எதிரே வந்த லாரிக்காரன் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான், அது கூடக் காதில் நிற்கவில்லை.

தையல்கடை முக்கில் கூட்டம். கம்பத்தடியில் மஞ்சள் ஹெல்மெட் கவிழ்ந்து கிடந்தது. கம்பத்தில் ஆள் இல்லை. வண்டியைப் போட்டுவிட்டு, “விடுங்க, விடுங்க” என்று கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போனாள்.

அவன் கடைப்படியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான்.

உயிரோடு இருந்தான். அவன் தோளை, கையை, முகத்தை எல்லாம் தடவிப் பார்த்தாள். சட்டைக் கை மட்டும் கொஞ்சம் பொசுங்கியிருந்தது.

“ஏய், என்ன இது, எல்லாரும் பார்க்கறாங்க” என்று அவன் வெட்கப்பட்டான். “ஒண்ணும் ஆகல. கை வைக்கிறதுக்கு முன்னாடி கழியால சங்கிலிய மாட்டுவேன்ல, கம்பிய பூமியோட சேர்க்கறதுக்கு? மாட்டினேன், படார்னு வெடிச்சுது. சங்கிலிய மாட்டாம கம்பியத் தொட்டிருந்தா, இந்நேரம் மாலை வாங்க ஆள் போயிருக்கும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். “எந்த மடப்பயலோ கரண்ட்டைத் திருப்பி விட்டிருக்கான். ஆள் யாருன்னு தெரியட்டும், வச்சிக்கறேன்.”

தையல்கடைக்காரர் வாசலில் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றார். இவளைப் பார்த்தார். அவர் சொல்லமாட்டார். இவளும் சொல்லாமல் இருந்துவிடலாம். பைக்குள் புது சுவிட்ச் இருக்கிறது, பத்து நிமிஷத்தில் மாட்டினால் யாருக்கும் தெரியாது.

“நான்தாங்க” என்றாள்.

“என்ன நீதான்?”

“சேஞ்ச்ஓவர் இல்லாம நேரா முறுக்கி விட்டேன். ரெண்டு நாளைக்குன்னு நெனச்சேன்.”

அவன் சோடா பாட்டிலைப் படியில் வைத்தான். அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

“இதே மாதிரி” என்று மெதுவாகக் கேட்டான், “வேற எங்கயாவது முறுக்கி விட்டிருக்கியா?”

இல்லை என்று உடனே சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ஏழு வருஷத்து மொட்டைமாடிகளை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு வீடு” என்றாள்.

அவன் எழுந்தான். மற்றத் தெருக்களில் இன்று யார் யார் கம்பத்தில் ஏறியிருக்கிறார்கள் என்று கேட்க ஆபீசுக்குப் போன் போட்டபடியே அவள் வண்டியின் பின்னால் உட்கார்ந்தான்.