கெஸ்ட் என்றொரு சொல்

தர்மபுரத்தில் மலர் அக்கா வீட்டுக்கு ரவுட்டர் பூட்டப் போன முதல் நாளே எங்கள் இருவருக்கும் சின்னதாக ஒரு வாக்குவாதம். எங்கள் பக்கத்தில் பூட்டுவது என்றால் பொருத்துவதும்தான், அடைத்து வைப்பதும்தான். நான் இரண்டும் செய்யப் போனேன். அக்கா முதலாவதோடு நிற்கச் சொன்னார்.

இணைப்பு எடுத்துக் கொடுத்தது கனடாவில் இருக்கும் மகன். அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்க முற்றத்தில், கிணற்றடி வரை தெரிய, ஒரு கமெராவும் வேறு ஆளைக் கொண்டு பூட்டுவித்திருந்தான். பாஸ்வேர்ட் என்ன வைக்க என்று கேட்டேன்.

"லேசா ஒண்டு வையும் தங்கச்சி. யோகத்தின்ர பிள்ளையளும், ஒழுங்கைச் சனமும் பாவிக்கோணும்."

யோகம் அக்கா அதே சின்னத் தெருவில் பக்கத்து வீடு. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அந்த ஒழுங்கையில் குடிக்கக்கூடிய தண்ணீர் மலர் அக்காவின் கிணற்றில்தான் இருந்ததாம். யோகம் அக்கா குடத்தோடு வந்துபோக வேலியில் ஆள் நுழையுமளவு ஒரு பொட்டு விட்டார்கள். அதை யாரும் பிறகு அடைக்கவில்லை.

"அப்ப அவைக்குக் கெஸ்ட் நெட்வேர்க் எண்டு வேறயா ஒண்டு போட்டுவிடுறன் அக்கா. இன்டர்நெட் வரும். உங்கட கமெராவுக்குள்ள போகேலாது."

"கெஸ்ட் எண்டா?"

"விருந்தாளி."

அக்காவின் முகம் மாறிவிட்டது. "யோகம் எனக்கு விருந்தாளியோ? கிணத்தையே பூட்டேல்ல நான். இது என்ன, வத்தவா போகுது?"

வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கமெராவில் பெட்டியோடு வந்த, யாரும் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்ட்தான் கிடந்தது. அதையாவது மாற்றச் சொன்னேன். மகனிடம் சொல்வதாகச் சொன்னார். மறந்தது அவரோ மகனோ தெரியாது.

சில மாதம் கழித்து அக்காவே போன் எடுத்தார்.

"வந்து எல்லாத்தையும் பூட்டிவிடும்."

அவர் நெஞ்சுக்கு மேல் சேலையை வரிந்த குறுக்குக்கட்டோடு கிணற்றடியில் குளிக்கும் படம் ஊர்ப் பெடியளின் போன்களில் திரிந்தது. அந்த வைஃபைக்குள் வந்த யாரோ கமெராவைத் திறந்து எடுத்திருக்கிறார்கள். ஒழுங்கைக்கே தெரிந்த பாஸ்வேர்ட், யாரைப் பிடிப்பது? அக்கா யோகம் அக்காவின் மகனைச் சந்தேகப்பட்டார். அவன்தான் என்பதற்கு ஒரு அத்தாட்சியும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை.

நான் பாஸ்வேர்டுகளை மாற்றிக்கொண்டிருக்க, யோகம் அக்கா பொட்டுக்குள் வந்து நின்றார்.

"மலர், என்ர பிள்ளை அப்பிடிச் செய்யான். ஒருக்கா என்னோட கதையன்."

மலர் அக்கா திரும்பவில்லை. "வேலை முடிஞ்சுதோ தங்கச்சி?" என்று என்னைத்தான் கேட்டார்.

பிறகொரு நாள் அந்த ஒழுங்கையால் போனேன். வேலிப் பொட்டைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். இவ்வளவு சண்டைக்குள்ளும் உடையாத சனம் ஒரு கமெராவால் பிரிந்துபோனதே என்று எனக்கு மனம் ஆறவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வீட்டுக் கமெராவையும் ஊரையும் ஒரே நெட்வேர்க்கில் விடாதீர்கள். வீட்டுக்காரர் மறுத்தால், எதற்காக மறுக்கிறார் என்று கொஞ்சம் நின்று கேளுங்கள். இரண்டாவது நெட்வேர்க்குக்குக் கெஸ்ட் என்றுதான் பெயர் வைக்கவேண்டும் என்று எந்த ரவுட்டரும் கேட்பதில்லை. விரும்பிய பெயர் வைக்கலாம். எனக்கு அது அன்றைக்கும் தெரியும், வாயில்தான் வரவில்லை.

'கிணறு' என்று வைக்கிறேன் என்று சொல்லியிருந்தால், மலர் அக்கா ஓம் என்றிருப்பார்.